பென்ஷன் வாங்குகிறவர் ஊர் விஷயம் பேசலாமா?

வாசகர் கடிதம்:

அம்மா, நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து 2022-இல் ஓய்வு பெற்றவன். விருதுநகர் மாவட்டத்தில் கரிசல்காட்டுக் கிராமம். 34 ஆண்டு சர்வீஸ், பழைய பென்ஷன். எங்கள் ஊர்ப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 11 பேர், மாநில அடைவுத் தேர்வில் கணக்கில் மார்க் குறைந்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேச்சு. பள்ளியை மூடிவிட்டு டவுனுக்கு வேன் விடலாம் என்றார் ஒரு கட்சிப் பிரமுகர். நான் மறுத்துப் பேசினேன். "அரசாங்கப் பணத்தில் சாப்பிடுகிறீர்கள், வாயை மூடிக்கொண்டு இருங்கள், இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்" என்றார். அன்றிலிருந்து என் மனைவி என்னை அந்தப் பக்கமே விடுவதில்லை. இந்தத் தேர்வுகளையெல்லாம் ஒழித்தால்தான் பள்ளிக்கூடம் உருப்படும் என்பது என் கருத்து. என் மகளுக்கு வயது 41, 2009-இல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தவள். அவளுக்குப் பழைய பென்ஷனும் இல்லை, இப்போது ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுத வேண்டுமாம். இதற்கிடையில் ஊர்ப் பெரியவர்கள் என்னை ஊராட்சித் தலைவராக நிற்கச் சொல்கிறார்கள். கோயில் திருப்பணிக்கு ஒரு தொகை கொடுத்தால் போட்டியில்லாமல் செய்து தருகிறோம் என்கிறார்கள். பணிக்கொடையில் கொஞ்சம் மீதி வைத்திருக்கிறேன். நிற்கலாமா? பென்ஷனுக்கு ஆபத்து வருமா?

பதில்:

சார், முதலில் உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: டீக்கடையில் பேசியதற்காக யாருடைய பென்ஷனும் நிற்காது. நான் பணியாளர் வழக்குகளை மட்டுமே நடத்துகிற வழக்கறிஞர். பென்ஷன் நின்றுபோனவர்களின் கோப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அதில் ஒன்றில்கூட 'ஊர் விஷயம் பேசினார்' என்பது காரணமாக இருந்ததில்லை.

அந்தப் பிரமுகர் சும்மா மிரட்டவில்லை. அவர் காதில் விழுந்திருக்கக்கூடிய விதி ஒன்று உண்டு. 1978-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் எட்டாவது விதி, எதிர்கால நன்னடத்தை ஒவ்வொரு ஓய்வூதியத்துக்கும் உட்கிடையான நிபந்தனை என்கிறது. கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றாலோ, பெரிய ஒழுங்கீனம் நிரூபிக்கப்பட்டாலோதான் ஓய்வூதியத்தை நிறுத்தவோ குறைக்கவோ முடியும். நீதிமன்றத் தண்டனை இல்லாத நிலையில், நோட்டீஸ் கொடுத்து உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் கை வைக்க முடியாது. அரசின் கல்விக் கொள்கை தவறு என்று சொல்வது குற்றமும் இல்லை, ஒழுங்கீனமும் இல்லை. வேலையில் இருந்தபோது நடத்தை விதிகள் உங்கள் வாயைக் கட்டியிருந்தன, உண்மைதான். பணி ஓய்வு ஆணையோடு அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது.

'அரசாங்கப் பணத்தில் சாப்பிடுகிறீர்கள்' என்றாரே, உங்களை அதிகம் சுட்டது அந்த வார்த்தைதான் என்று கடிதத்தின் கையெழுத்திலேயே தெரிகிறது. அதற்கும் பதில் உண்டு. 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தீர்த்துவைத்தது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கிற கொடை இல்லை, செய்து முடித்த வேலைக்கான உரிமை என்றது. டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்களே, அது இதற்காகத்தான். 34 ஆண்டுகள் கரும்பலகை முன்னால் நின்றதற்கு வரவேண்டிய கூலியில் பின்னால் தருவதாக நிறுத்திவைத்த பங்குதான் இப்போது மாதாமாதம் வருகிறது. அது உங்கள் பணம், சார்.

இந்த உரிமை எளிதாக வந்ததில்லை என்பதை நீங்களே எழுதியிருக்கலாம், ஏனோ எழுதவில்லை. காமராஜர் ஆட்சியில் 1955-இல்தான் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. அதற்கு முன் வயதான வாத்தியார் என்றால் பிள்ளைகள் கஞ்சி ஊற்றினால் உண்டு. அப்புறம் ஒன்றியப் பள்ளிகளின் கதை. 1981 ஜூன் 1-ஆம் தேதிக்கு முன் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களே இல்லை, ஊராட்சி ஒன்றியத்தின் ஊழியர்கள். நீங்கள் 1988-இல் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த தலைமையாசிரியர்களைக் கேட்டிருப்பீர்கள், மாறுதலுக்காக ஒன்றியத் தலைவர் வீட்டு வாசலில் காத்துக்கிடந்த கதைகளை. ஊர் அரசியல்வாதியைக் கண்டால் ஆசிரியர் குரல் தானாகத் தாழ்வது அந்தக் காலத்தின் மிச்சம். உள்ளாட்சிக்காரர் கையில் ஆசிரியரின் சம்பளம் இருந்த காலம் முடிந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் அவர்கள் இன்னும் அந்தத் தொனியில் பேசுகிறார்கள், நாமும் இன்னும் தலையைக் குனிகிறோம்.

சரி, பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பேசியதில் பாதி சரி, பாதி எனக்கு உடன்பாடில்லை.

சரியான பாதி முதலில். உங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் 11 பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். 11 பேரில் ஒரு பிள்ளை என்பது 9 சதவீதம். அன்றைக்கு ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருவன் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கொள்குறி வினாத்தாளை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறான் என்றால் பள்ளியின் 'தரம்' 18 சதவீதம் சரிந்துவிடும். இவ்வளவு சிறிய வகுப்பின் சராசரியை வைத்துப் பள்ளியை மூடச் சொல்வது, ஒரு நாள் மழையை வைத்து அந்த ஆண்டு விளைச்சலைச் சொல்வது மாதிரி. அடைவு ஆய்வுகள் எதற்காக வந்தன? எந்தப் பாடத்தில், எந்தத் திறனில், எந்த வட்டாரத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று அரசு தெரிந்துகொண்டு, அங்கே ஆசிரியரையும் பயிற்சியையும் அனுப்புவதற்காக. அதாவது அந்த மார்க் அரசுக்குக் கிடைத்த மார்க். அதைக் கொண்டுபோய் ஊர்ப் பள்ளியின் கழுத்தில் மாட்டுகிறார்கள்.

2021-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்த தொடக்கப் பள்ளிகளை நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் திறந்தார்கள். நவம்பர் 12-ஆம் தேதி தேசிய அடைவு ஆய்வு. மூன்றாம் வகுப்புக் குழந்தை முதல் வகுப்பை முழுதாக முடிக்கவில்லை, இரண்டாம் வகுப்பைப் பார்க்கவே இல்லை, பள்ளிக்கு வந்து பன்னிரண்டாம் நாள் விடைத்தாள் கையில். நீங்கள் அப்போது தலைமையாசிரியர். அந்தத் தாளில் வந்த எண் பள்ளிக்கூடத்தை அளந்ததா, பெருந்தொற்றை அளந்ததா என்று உங்களைவிட நன்றாகச் சொல்ல ஆள் ஊரில் இல்லை. டீக்கடையில் கோபப்படுவதற்குப் பதில் இதை நிதானமாகச் சொன்னீர்களானால் அந்தப் பிரமுகரும் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

இனி உடன்படாத பாதி. எல்லாத் தேர்வையும் ஒழிக்க வேண்டும் என்கிறீர்கள். மன்னிக்கவும், அது ஏழைப் பிள்ளைக்கு நல்லதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் வக்காலத்தில் கையெழுத்துப் போட வந்தார். எட்டாம் வகுப்பு தேர்ச்சி என்று மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது. தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "படிச்சுச் சொல்லுங்க மேடம்" என்றார். தமிழ்தான், அச்சுத் தமிழ். எட்டு ஆண்டுகள் அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார், ஒருவரும் அவர் வாசிக்கிறாரா என்று பார்க்கவில்லை. ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். அளக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது, அம்மா நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். இந்தப் பையனுக்கு வகுப்பாசிரியரைத் தவிர வேறு யார்?

என் அம்மாவும் தொடக்கப் பள்ளி ஆசிரியைதான். ஈராசிரியர் பள்ளி. அவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். பிள்ளையின் பெயருக்கு எதிரில் மார்க் இருக்காது. 'எழுத்துக் கூட்டுகிறான்', 'வரி தாண்டிவிடுகிறாள்', 'கடன் வாங்கிக் கழித்தலில் நிற்கிறான்' என்று இருக்கும். மாதம் ஒருமுறை தேதி போட்டு மாற்றி எழுதுவார். அதுவும் தேர்வுதான், பிள்ளைக்குத் தெரியாமலே நடந்த தேர்வு. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துப் பாடம் நடத்தச் சொன்னபோது எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது. எண்ணம் நல்லது. ஆனால் பார்த்ததை எல்லாம் செயலியில் ஏற்றச் சொல்லி, நெட்வொர்க் இல்லாத ஊரில் ஆசிரியரைச் செல்போனோடு மாடியில் நிற்க வைத்தார்களே, அது பெரிய குறைதான்.

2020-இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவித்த பொதுத்தேர்வை அரசு திரும்பப் பெற்றது. 2025-இல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் போனது. இரண்டையும் நான் வரவேற்றேன். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்பது பயத்தைத் தவிர எதையும் கற்றுக்கொடுக்காது. ஆனால் உங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதக்கூடிய ஒரு தேர்வு இருக்கிறது: தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உதவித் தொகைக்குத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போகிற வீடுகள் உள்ள ஊரில் ஒரு பெண் பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தாமல் வைக்க அந்தப் பணம் போதும். மனத்திறன் 90 கேள்வி, பாடத்திறன் 90 கேள்வி. பள்ளிக்கூடத்தில் இதற்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க இருக்கிற ஆசிரியர்களுக்கு நேரம் போதாது. உங்களுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் என்ன வேலை, சார்?

மகள் விஷயம். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ள ஒன்று முதல் எட்டாம் வகுப்பு ஆசிரியர்கள், தேர்வு கட்டாயமாவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்திருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் எழுதாமலே ஓய்வு வரை வேலை பார்க்கலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. உங்கள் மகளுக்கு வயது 41, அதனால் முதல் பிரிவில் வருகிறார். தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டது. அதை நம்பி உட்கார வேண்டாம் என்பதுதான் என்னிடம் வழக்கு கொடுத்தவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், படிப்பு ஒரு பக்கம் நடக்கட்டும்.

16 ஆண்டுகள் பாடம் நடத்தியவரை மறுபடி தேர்வு எழுதச் சொல்வது அவமானமாக இருக்கும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் வகுப்பில் அழுதுகொண்டு வருகிற பிள்ளையை மடியில் வைத்து ஒரு வாரத்தில் சிரிக்க வைக்கிற திறமையை 150 கொள்குறிக் கேள்விகள் பார்க்காது. அதோடு 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியத்திலேயே அநீதி நடந்தது. மே 31 வரை சேர்ந்தவருக்கு 8,370 ரூபாய், மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. அந்தக் காயம் ஆறாதவரிடம்தான் இன்னொரு தாளை நீட்டுகிறார்கள். ஆனால் தயவுசெய்து இரவுச் சாப்பாட்டின்போது இதையே பேசிக்கொண்டிருக்காதீர்கள். முதல் தாளில் 30 கேள்வி கணக்கு. 34 ஆண்டு கணக்கு நடத்திய அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த முப்பதும் அவருக்கு வந்துவிடும். பழகிவிட்டால் அந்தத் தாள் அவ்வளவு கடினமில்லை, பயம்தான் தோற்கடிக்கிறது.

அவருடைய ஓய்வூதியம் பற்றியும் இரண்டு வார்த்தை. 2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்ததால் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம். 2026 ஜனவரியில் அரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம், அந்தப் பிடித்தம் தொடர, கடைசிச் சம்பளத்தில் பாதியை ஓய்வூதியமாகத் தருவதாகச் சொல்கிறது. அறிவிப்பை வைத்து வீட்டில் கணக்குப் போட வேண்டாம், அரசாணையின் வரிகளை வைத்துப் போடுங்கள். அவர் இப்போதே செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆண்டுதோறும் வரும் கணக்குச் சீட்டை எடுத்து, எந்த மாதத்துப் பிடித்தமாவது வரவு ஆகாமல் விடுபட்டிருக்கிறதா என்று சம்பளப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது. மாறுதல் ஆன ஆண்டுகளில்தான் பெரும்பாலும் விடுபடும். ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது தேடினால் பழைய பதிவேடு கிடைக்காது. உங்கள் ஓய்வூதியத்துக்கும் ஒரு வார்த்தை: ஓய்வின்போது முன்கூட்டியே மொத்தமாக (தொகுத்து) வாங்கிய மூன்றில் ஒரு பங்கு, பெற்ற தேதியிலிருந்து 15 ஆண்டு கழித்துத் திரும்ப ஓய்வூதியத்தில் சேரும். 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடுதல்.

இனி ஊராட்சித் தலைவர் பதவி. அரசு ஊழியர்தான் நிற்க முடியாது, ஓய்வூதியர் தாராளமாக நிற்கலாம். ஜெயித்தால் தலைவருக்கான மதிப்பூதியமும் பென்ஷனும் ஒன்றையொன்று தொடாது. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சி சார்பற்றது, சுயேச்சைச் சின்னம்தான், அதனால் எந்தக் கட்சியிலும் சேர வேண்டியதில்லை. உங்கள் ஊராட்சி எந்தச் சுழற்சியில் வருகிறது, பெண்களுக்கா, பட்டியலினத்தவருக்கா, பொதுவா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். 2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் உங்களுடையதும் ஒன்று. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, ஊராட்சி அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது.

ஆனால் பெரியவர்கள் சொன்ன வழி இருக்கிறதே, அதற்கு வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். கோயிலுக்குப் பணம் கொடுத்துப் போட்டியில்லாமல் வருவது என்றால் என்ன அர்த்தம்? பதவியை ஏலத்தில் எடுப்பது. தேர்தலில் நிற்பதும், நிற்காமல் இருப்பதும், மனுவைத் திரும்பப் பெறுவதும் சட்டத்தின் கண்ணில் தேர்தல் உரிமைகள். அவற்றில் ஒருவரைத் திருப்புவதற்குப் பணம் கொடுத்தால் லஞ்சம். அது கோயில் உண்டியலில் விழுந்ததாலேயே தப்பிவிட்டதாக ஆகாது. ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. முன்னே சொன்னேனே எட்டாவது விதி, அதை நினைவுபடுத்துகிறேன். டீக்கடைப் பேச்சால் வராத ஆபத்து உங்கள் பென்ஷனுக்கு இந்த வழியில் வரலாம்.

பென்ஷனைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. 'ஊர் ஒற்றுமை' என்ற பெயரில் தேர்தலைத் தடுத்தால் யார் வாய் அடைபடும் என்று நம் பக்கத்து மாவட்டம் பார்த்திருக்கிறது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் 1996-இல் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் அங்கே ஒழுங்காக ஒரு தலைவர் வர விடவில்லை. 2006-இல்தான் தேர்தல் உருப்படியாக நடந்தது. அதை நடத்திய மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன். 2017-இல் பொதுத்தேர்வு முடிவில் 'மாநில முதலிடம்' அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியபோது பள்ளிக் கல்வித் துறைச் செயலாளராக இருந்தவரும் அவரே. உங்கள் கடிதத்தின் இரண்டு கவலையும் ஒரே மனிதரின் பணியில் சந்தித்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நிற்க ஆசை இருந்தால் நில்லுங்கள், எதிர்த்து நான்கு பேர் நிற்கட்டும், உங்களிடம் படித்தவர்களிடம் போய் வாக்குக் கேளுங்கள். தோற்றாலும் குறைச்சல் இல்லை. பணிக்கொடைப் பணத்தை மட்டும் தொடாதீர்கள், அது உங்களுக்குப் பின் வீட்டம்மாவின் பாதுகாப்பு.

என்னைக் கேட்டால், தேர்தல் தேதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் ஒரு பெற்றோர்தான். பெரும்பாலும் அம்மாக்கள், கூலிக்குப் போகிறவர்கள். மார்க் அறிக்கையைக் காட்டி 'உங்கள் பள்ளி மோசம்' என்று யாராவது சொன்னால் என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது. 'எத்தனை பிள்ளை எழுதினார்கள், எந்தத் திறனில் குறைவு, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள், ஆசிரியர் இடம் காலியா' என்று நான்கு கேள்விகளை அந்த அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கூட்டத்தில் அவர்களே கேட்கட்டும், நீங்கள் பின்வரிசையில் இருங்கள்.

அடுத்த கிராம சபைக்கும் போங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எவரும் பேசலாம். தலைவர் இல்லாவிட்டாலும் தனி அலுவலர் கூட்டியே ஆக வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் பதினொன்றாவது அட்டவணையில் ஊராட்சிக்கான 29 பொருள்களில் தொடக்க, உயர்நிலைக் கல்வியும் ஒன்று, அதனால் 'இது பள்ளி விஷயம், இங்கே பேசாதே' என்று யாரும் உங்களை உட்கார வைக்க முடியாது. பள்ளியை மூடக் கூடாது, காலிப் பணியிடத்தை நிரப்ப வேண்டும், மாலை வகுப்புக்கு மின்விளக்கு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னதோடு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்த வரிகள் ஏறிவிட்டனவா என்று படித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் அங்கே ஒரு கையெழுத்து இருக்கிறது.